அன்றாட வேலைக்கும் வெளிப்புறப் பயணத்துக்கும் கத்தி: தேர்வு, வாங்குதல், சேகரிப்பு – முழுமையான வழிகாட்டி

கத்தி வாங்க நினைப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எந்த எஃகு நல்லது என்பதாகவே இருக்கிறது. விற்பவர்களுக்கும் அந்தக் கேள்விதான் வசதியானது. எஃகின் பெயரை அலகில் பொறித்து விலையை உயர்த்துவது எளிது, அந்த அலகு எவ்வளவு மெல்லியதாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது, எப்படிப் பதம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விளம்பரத்தில் விளக்குவது கடினம். ஆனால் ஒரு கத்தி வெட்டுவதும் வெட்டாமல் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டையும் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் எஃகின் பெயர்கள் ஐந்தாம் படியில்தான் வருகின்றன.

முதல் படி: வேலையைத் தீர்மானித்தல்

ஒரு வாரத்தில் நீங்கள் உண்மையிலேயே எதை வெட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானோரின் பட்டியலில் அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா, கடித உறை, நைலான் கயிறு, பிளாஸ்டிக் கட்டு, பழம் ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இருக்காது. இவற்றுக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய அலகு தாராளமாகப் போதும். முகாம், மலையேற்றம், மீன்பிடித்தல் போன்றவற்றுக்குச் செல்பவர்கள் குச்சி சீவ வேண்டும், தீ மூட்டச் சுருள் சுருளாக மரம் செதுக்க வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், உணவு தயாரிக்க வேண்டும். அவர்களுக்கு 9 முதல் 12 சென்டிமீட்டர் அலகு பொருந்தும்.

அதைவிட நீண்ட கத்தியை வாங்க மனம் துடிக்கும்போது, அந்த வேலையைக் கைக்கோடரியோ மடக்கு ரம்பமோ இன்னும் நன்றாகச் செய்யாதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரும்பாலும் செய்யும். முதுகில் ரம்பப் பற்களும், உள்ளே தீக்குச்சி வைக்கக் குழாய்ப் பிடியும் கொண்ட பெரிய கத்திகள் பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் அந்தப் பற்கள் மரத்தை அறுப்பதைவிட, செதுக்கும்போது முதுகில் வைக்கும் கட்டைவிரலைக் கிழிப்பதில்தான் திறமை காட்டுகின்றன. குழாய்ப் பிடியில் அலகும் பிடியும் சேரும் இடமே பலவீனமான இடமாகிவிடுகிறது.

இரண்டாம் படி: சட்டத்தைப் பார்த்தல்

கத்தியை வீட்டில் வைத்திருப்பதும் பையில் எடுத்துச் செல்வதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. அலகின் நீளம், திறந்த அலகைப் பூட்டி நிறுத்தும் அமைப்பு, ஒரு கையால் திறக்கும் வசதி, இருபுறக் கூர், விசையை அழுத்தினால் தானே திறப்பது ஆகிய ஐந்தையும் பல நாடுகள் தனித்தனியாகக் கட்டுப்படுத்துகின்றன. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். அதே நீளத்தில் பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். ஜப்பானில் 6 சென்டிமீட்டரைத் தாண்டும் அலகை உரிய காரணமின்றி எடுத்துச் செல்வது பொதுவாகக் குற்றம். ஒரே நாட்டுக்குள்ளும் மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் விதி மாறுவது உண்டு. ஆகவே நீங்கள் வாழும் இடத்தின் விதியையும், பயணம் செல்லும் இடத்தின் விதியையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். விமானத்தில் கத்தி பயணிக்க வேண்டிய இடம் ஒப்படைக்கும் பெட்டி மட்டுமே. கைப்பையில் மறந்து வைத்த சாவிக்கொத்துக் கத்தியும் சோதனையில் பறிபோகலாம்.

மூன்றாம் படி: மடக்குக் கத்தியா, உறைக்கத்தியா

உறைக்கத்தியில் அசையும் பாகம் எதுவும் இல்லை. உடைவதற்கு ஒன்றுமில்லை, கழுவுவது எளிது, ஈரமான கையாலும் உருவ முடியும். வெளிப்புற வேலைக்கு முதல் தேர்வு அதுவே. மடக்குக் கத்தி சட்டைப்பைக்காக உருவானது. அந்த வசதிக்கு ஈடாக அது தன் வலிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது. மடக்குக் கத்தியை ஆப்பு போல மரத்தில் அடித்துப் பிளக்கப் பயன்படுத்துவதும், நெம்புகோலாகத் திருப்புவதும் அதன் அச்சாணியையும் பூட்டையும் பாழாக்கும் செயல்கள்.

மடக்குக் கத்தியில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் முறைகளை அறிந்திருப்பது அவசியம். மிகப் பழைய முறையில் பூட்டே கிடையாது. முதுகிலுள்ள ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து வைக்கிறது. சுவிஸ் ராணுவக் கத்தியின் பல மாதிரிகள் இவ்வகையே. இதில் முனையால் குத்தும் வேலையைத் தவிர்க்க வேண்டும், அலகு விரல்மேல் மடங்கிவிடும். முதுகுப் பூட்டில் பிடியின் பின்புறத்திலுள்ள நெம்புத்தண்டு அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து நிற்கிறது. 1964இல் அமெரிக்காவின் பக் நிறுவனம் கொண்டுவந்த பக் 110 என்ற மடக்குக் கத்தி இதைப் பரவலாக்கியது. அது உறுதியானது, ஆனால் ஒரு கையால் மூடுவது சற்றுச் சிரமம். 1980களில் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய உள்தகட்டுப் பூட்டில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து வந்து அலகின் அடியைத் தாங்குகிறது. அதே கருத்தைப் பிடியின் சட்டத்திலேயே செய்து, தடித்த டைட்டானியத்தால் பூட்டியவர் கத்தி வடிவமைப்பாளர் கிறிஸ் ரீவ். 1998இல் பெஞ்ச்மேடு நிறுவனம் கொண்டுவந்த குறுக்குத்தண்டுப் பூட்டில் ஒரு சிறு உருளை இருபுற ஸ்பிரிங்குகளால் அலகின்மேல் அழுத்தப்படுகிறது. மூடும்போது விரல் அலகின் பாதையில் வராது என்பதும், இடக்கைக்காரர்களும் எளிதாகக் கையாளலாம் என்பதும் அதன் பெரிய நன்மைகள். பிரான்சின் ஓபினெல் கத்தியின் சுழலும் வளையம் இவை எல்லாவற்றையும்விட எளிமையானது, மணல் புகுந்தாலும் விரலால் திருப்பிச் சுத்தம் செய்துவிடலாம்.

நான்காம் படி: அலகின் வடிவமும் பருமனும்

அவசரப்படாமல் நேரம் செலவிட வேண்டிய படி இது. அலகை முன்னிருந்து, முனை உங்களை நோக்கி இருக்கும்படி பார்த்தால் ஒரு நீண்ட முக்கோணம் தெரியும். அந்த முக்கோணம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் பொருளுக்குள் நுழையும். எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு அடியைத் தாங்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலான பேரம்தான் கத்தி வடிவமைப்பு. முதுகின் பருமன் மட்டுமே முழுக் கதையைச் சொல்லாது. வெட்டுவாய்க்குச் சற்று மேலே, தீட்டிய சரிவு தொடங்கும் இடத்தில் அலகு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதே முக்கியம். அந்த இடத்தில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் இருந்தால் அட்டையும் பழமும் வழுக்கிக்கொண்டு அறுபடும். அதுவே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், எவ்வளவு கூராகத் தீட்டினாலும் பழம் அறுபடுவதற்குப் பதில் பிளந்துபோகும்.

சாணை பிடிக்கும் முறைகளில் நான்கு அடிக்கடி எதிர்ப்படும். முதுகிலிருந்து வாய் வரை நேராகச் சரியும் தட்டைச் சரிவு பலவித வேலைக்கும் பொருந்தும். உட்குழிவான சரிவு தொடக்கத்தில் மிக நன்றாக வெட்டும். ஆழமாக வெட்டும்போது சிக்கிக்கொள்ளும், பல ஆண்டுகள் தீட்டத் தீட்ட வாய் தடித்துக்கொண்டே போகும். புறம் குவிந்த சரிவு கோடரிகளுக்கும் பெரிய கத்திகளுக்கும் உரியது. ஸ்காண்டிநேவியச் சரிவில் அலகின் பாதி உயரம் வரை தட்டையாக வந்து, பிறகு இரண்டாம் சரிவே இல்லாமல் நேரே வாயில் முடியும். மரம் செதுக்குவதற்கு இதை மிஞ்சியது இல்லை, தீட்டுவதற்கும் அந்த அகன்ற சரிவைக் கல்லில் படியவைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

முனையின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுகு மெல்லச் சரிந்து முனையில் சேரும் வடிவம் எல்லா வேலைக்கும் ஏற்றது. வேட்டைக் கத்திகளில் அதைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கக் கைவினைஞர் பாப் லவ்லெஸ். நேரான வாயும் மழுங்கிய முனையும் கொண்ட வடிவம் அட்டை வெட்டவும், படகில் கயிறு அறுக்கவும், முதன்முறையாகக் கத்தி பழகும் சிறுவர்களுக்கும் பாதுகாப்பானது. பல் வைத்த வாய் நார்க்கயிற்றில் அபாரமாக வேலை செய்யும், ஆனால் சாதாரணத் தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது.

ஐந்தாம் படி: எஃகும் பதமும்

எஃகிடம் நாம் கேட்பவை நான்கு: கூர் நீடிக்க வேண்டும், அடி வாங்கினால் சில்லு பெயரக் கூடாது, துருப்பிடிக்கக் கூடாது, மழுங்கினால் எளிதாகத் தீட்ட வேண்டும். நான்கையும் முழுமையாகத் தரும் எஃகு கிடையாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

1095 போன்ற எளிய கார்பன் எஃகில் இரும்புடன் ஏறத்தாழ 0.95 சதவீதம் கார்பனும் சிறிதளவு மாங்கனீசுமே உள்ளன. நன்றாகத் தீட்டலாம், அடியையும் ஓரளவு தாங்கும், ஆனால் எலுமிச்சை வெட்டித் துடைக்காமல் வைத்தால் சில நிமிடங்களிலேயே கருமை படரும். அந்தச் சாம்பல்நிறப் படலம் கெடுதல் செய்வதில்லை, செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்கிறது. துருவை எதிர்க்கும் கத்தி எஃகுகளில் பொதுவாக 13 சதவீதம் அல்லது அதற்கு மேல் குரோமியம் சேர்க்கப்படுகிறது. 12சி27, 14சி28என், 420எச்சி ஆகியவை இந்தக் குடும்பத்தின் நம்பகமான, நுண்மணிகள் கொண்ட, எளிதில் தீட்டக்கூடிய உறுப்பினர்கள். அதிகம் விற்கும் டி2 இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. அதில் 12 சதவீதம் குரோமியம் இருந்தாலும், 1.5 சதவீதக் கார்பன் அதில் கணிசமான பகுதியைக் கார்பைடு என்ற கடினமான சேர்மமாகக் கட்டிப்போட்டுவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கடலோரத்தில் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிவிடக் கூடாது.

தூளாக்கிச் சேர்த்து உருவாக்கும் உயர்ரக எஃகுகள் வேறொரு வகுப்பு. 2001இல் வெளிவந்த எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம் உண்டு. வனேடியம் கார்பைடுகள் மிகக் கடினமானவை என்பதால் கூர் நெடுநாள் நிற்கும்; அதே காரணத்தால் சாதாரணக் கல் அந்தக் கார்பைடுகளைத் தேய்க்கத் திணறும், வைரத்தூள் பதித்த தட்டு வாங்க நேரிடும். 2021இல் அறிமுகமான மேக்னாகட் எஃகை உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்தார். பெரிய குரோமியம் கார்பைடுகளைத் தவிர்த்து, குரோமியத்தைத் துரு எதிர்ப்புக்கு விட்டுவைத்திருப்பதால் துரு எதிர்ப்பும் அடி தாங்கும் தன்மையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கடல்நீரிலேயே வேலை செய்பவர்கள், கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த எஃகுகளைத் தேடலாம்.

ஆனால் இந்தப் பெயர்களெல்லாம் பாதிச் செய்திதான். எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதம் வைக்கும் முறையில் சில டிகிரி பிழைத்தாலும் விலையுயர்ந்த எஃகு மலிவான எஃகைவிட மோசமாக நடந்துகொள்ளும். 420எச்சி பட்டியல்களின் அடித்தட்டில் வைக்கப்படும் எஃகு. ஆனால் எஃகுக்குப் பதம் வைப்பதில் வல்லவரான பால் பாஸ் வகுத்த வெப்பப் பதமுறையால் பக் நிறுவனம் அதிலிருந்து பல தலைமுறைகள் மெச்சிய கத்திகளைச் செய்திருக்கிறது. பதத்தின் அளவுகோலாகத் தரப்படுவது ராக்வெல் சி எண். 150 கிலோ விசையில் ஒரு வைரக்கூம்பை எஃகின்மேல் அழுத்தி, பதியும் ஆழத்தைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. சுவிஸ் ராணுவக் கத்திகள் 56 அளவில் நிற்கின்றன, அடித்து வெட்டும் பெரிய கத்திகள் 54 முதல் 58 வரையிலும், தரமான அன்றாட மடக்குக் கத்திகள் 58 முதல் 62 வரையிலும் அமையும். தயாரிப்பாளர் எஃகின் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டு இந்த எண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், நான் அந்தக் கத்தியைத் தள்ளிவைத்துவிடுவேன்.

ஆறாம் படி: பிடியும் உறையும்

பிடியைப் பிடித்துப் பத்து நிமிடம் ஒரு குச்சியைச் சீவினால் எந்த வர்ணனையும் தேவைப்படாது. கூரான விளிம்புகளும், விரலுக்கென்று வெட்டிய ஆழமான பள்ளங்களும் கடையில் பிடிக்கும்போது இதமாகத் தோன்றும். வேலையில் கை சற்று நகர்ந்ததும் அவையே கொப்புளம் தரும். உள்ளங்கையில் நிறையும் பருமனுள்ள, பெரிய அலங்காரமற்ற பிடியே நல்லது. மைகார்ட்டா எனப்படும் பிசின் ஊறிய துணி அடுக்கு ஈரத்தில் பிடிமானம் தரும்; ஜி-10 என்ற கண்ணாடியிழை அடுக்கு தண்ணீர் உறிஞ்சாது; மரம் அழகானது, எண்ணெய் கேட்கும். உறைக்கத்தியில் அலகின் வால், அதாவது பிடிக்குள் செல்லும் பகுதி, பிடியின் முழு நீளத்துக்கும் செல்கிறதா என்று பாருங்கள். பிளக்கும் வேலைக்கு அது வேண்டும், செதுக்குவதற்கு மட்டும் என்றால் குறுகிய வாலும் போதும்.

உறையைக் கத்தியின் சகப்பாகமாகவே கருத வேண்டும். கத்தியை உறையிலிட்டு, மேசைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்குங்கள். தானாக நழுவினால் அது ஓட்டத்திலோ ஏற்றத்திலோ ஒருநாள் தொடையில் விழும். பிளாஸ்டிக் உறை தண்ணீரைப் பொருட்படுத்தாது, தோலுறை சத்தமின்றி இருக்கும்.

ஏழாம் படி: கையிலெடுத்துப் பரிசோதித்தல்

மடக்குக் கத்தியை மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் அந்த உரசல் அலகில் கோடு போடும். மெதுவாகத் திறவுங்கள். பாதி வழியில் கரகரப்பு உண்டா, இறுதியில் பூட்டு விழும் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். திறந்த பிறகு பிடியை ஒரு கையாலும் அலகின் முதுகை இன்னொரு கையாலும் பற்றி, முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். இடவல ஆட்டம் அச்சுத் திருகைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் தீரும். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை. அது திருகால் தீராது, திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி. உள்தகட்டுப் பூட்டில் தகடு அலகின் அடியை எந்த இடத்தில் தொடுகிறது என்றும் பாருங்கள். புதுக் கத்தியில் அது அடியின் முன்பாதியில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கச் சுவர் வரை போய்விட்டிருந்தால் தேய்வதற்கு இடமே மிஞ்சவில்லை என்று பொருள்.

பிறகு வாயை விளக்கொளிக்கு நேராகப் பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. எங்காவது ஒரு பொட்டு மின்னினால் அந்த இடம் மழுங்கியதாகவோ பல்விழுந்ததாகவோ இருக்கும். இரு பக்கச் சரிவுகளும் அடி முதல் முனை வரை ஒரே அகலத்தில் ஓடுகின்றனவா என்பதும் இதே பார்வையில் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கும்போது இந்தச் சோதனைகளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். அதுவரை எதையும் வெட்டாதீர்கள்.

எட்டாம் படி: தொடக்கக்காரருக்கு மூன்று கத்திகள்

முதலில் விலை குறைந்த, நிரூபணமான கத்திகளோடு பழகுவதே அறிவு. 1890இல் பிரான்சின் சவாய் பகுதியில் ஜோசப் ஓபினெல் தொடங்கிய ஓபினெல் கத்தியின் 8ஆம் எண் 8.5 சென்டிமீட்டர் அலகு கொண்டது. 1955இல் சேர்க்கப்பட்ட வளையப் பூட்டு, மெல்லிய அலகு, பீச் மரப் பிடி ஆகியவற்றால் வெட்டுவதில் பன்மடங்கு விலையுள்ள கத்திகளை நாணவைக்கிறது. மரம் ஈரத்தில் ஊதி அலகைத் திறக்கவிடாமல் செய்வது அதன் அறியப்பட்ட குணம். ஸ்வீடனின் மோரா நகரில் தயாராகும் கம்பேனியன் உறைக்கத்தி 10.4 சென்டிமீட்டர் அலகும் 2.5 மில்லிமீட்டர் பருமனும் ஸ்காண்டிநேவியச் சரிவும் கொண்டது, முதல் வெளிப்புறக் கத்தியாக இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. மூன்றாவது, கார்ல் எல்செனரின் பட்டறையில் பிறந்து 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட மரபில் வந்த விக்டோரினாக்ஸ் சுவிஸ் ராணுவக் கத்தி. கத்தரிக்கோல் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். நடைமுறையில் அலகைவிட அதுவே அதிகம் வெளியே வரும். இந்த மூன்றையும் ஓர் ஆண்டு பயன்படுத்தியவருக்குத் தனக்கு எது போதவில்லை என்று தெரிந்துவிடும், அடுத்த கத்தியை அந்தக் குறையை வைத்து வாங்கலாம்.

ஒன்பதாம் படி: தீட்டக் கற்றல்

தீட்டத் தெரியாதவரிடம் எல்லாக் கத்தியும் சில வாரங்களில் ஒரே தரத்துக்கு இறங்கிவிடும். 400, 1000, 3000 என்ற மூன்று தரக் கற்களும் (எண் கூடக் கூடக் கல் நுண்ணியது), பச்சைநிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய ஒரு தோல் வாரும் தொடக்கத்துக்குப் போதுமானவை. கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம் என்பதால் உயரமாக மாற்றிக்கொள்ளுங்கள்: அலகின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 8.5 மில்லிமீட்டர் உயர்த்தினால் பக்கத்துக்கு 20 டிகிரி, 6.5 மில்லிமீட்டர் உயர்த்தினால் 15 டிகிரி. அன்றாட மடக்குக் கத்திக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் பொருந்தும்.

வாயின் சரிவில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை சரிவின் மேல்விளிம்பில் மட்டும் அழிந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, வாயோரத்தில் மட்டும் அழிந்தால் உயர்ந்திருக்கிறது. கோணம் சரியானதும் ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டுங்கள். சிறிது நேரத்தில் மறுபக்கத்தில் பிசிறு எழும். கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே வழித்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பி விரலில் தட்டுப்படும். அடி முதல் முனை வரை பிசிறு எழும் முன் பக்கம் மாற்றுவதே பெரும்பாலான தீட்டல்கள் தோற்பதற்குக் காரணம். எழுந்த பிறகு பக்கம் மாற்றி, அடுத்த கல்லுக்குப் போகும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு மெலியும். தோல் வாரில் முதுகு முன்னே செல்லும் திசையில் மட்டும் இழுக்க வேண்டும். வாய் முன்னே போனால் தோல் வெட்டுப்படும்.

பத்தாம் படி: வாங்குவதிலிருந்து சேகரிப்பதற்கு

பல கத்திகள் வைத்திருப்பது சேகரிப்பு ஆகிவிடாது. ஒரு வரம்பு வேண்டும்: ஒரே தயாரிப்பாளர், ஒரே பூட்டு முறையின் வளர்ச்சி, ஒரே ஊரின் கைவினை, அல்லது ஒரே மாதிரியின் ஆண்டு வேறுபாடுகள். ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் வட்டத் துளையும் சட்டைப்பைக் கொக்கியும் வைத்து வெளியிட்ட கத்திக்குப் பிறகு, ஒரு கையால் திறக்கும் மடக்குக் கத்தி எப்படி மாறியது என்பதை மட்டுமே வைத்து ஒரு முழுச் சேகரிப்பை அமைக்கலாம். வரம்பு இருந்தால் பணம் தானாகக் கட்டுப்படும், அறிவும் ஆழமாகும்.

அலகின் அடியில் உள்ள முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வதே சேகரிப்பாளரின் முதல் பாடம். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரையின் கீழ் பத்துப் புள்ளிகளை இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. அந்தப் பத்தாண்டில் செய்தவற்றில் புள்ளிகளை எண்ணினால் ஆண்டு தெரிந்துவிடும். ஊரின் பெயரும் சில வேளைகளில் சட்டப் பொருளுடையது. ஜெர்மனியில் 1938 முதல் சோலிங்கன் என்ற பெயரைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, பிரான்சிலுள்ள லகியோல் என்ற ஊரின் பெயரும் முதுகிலுள்ள தேனீச் சின்னமும் நீண்டகாலமாகப் பலராலும் எங்கெங்கோ செய்யப்படும் கத்திகளில் பொறிக்கப்பட்டு வந்திருக்கின்றன. தேனீயைக் கண்டதும் விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம், செய்தவர் யார் என்று கேளுங்கள்.

பெயர் வாழ்ந்து தொழிற்சாலை மறைந்த கதைகளும் உண்டு. அமெரிக்கக் கத்தி நிறுவனங்களான ஷ்ரேட் 2004இலும் கமில்லஸ் 2007இலும் மூடப்பட்டன. இரு பெயர்களையும் வேறு நிறுவனங்கள் வாங்கி, வேறிடத்தில் செய்த கத்திகளில் இட்டன. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தாலும், அந்த ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் செய்தவை சேகரிப்பாளருக்கு இரண்டு வெவ்வேறு பொருள்கள். டமாஸ்கஸ் என்று விற்கப்படும் அலைக்கோடு அலகுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இன்றைய கோலம் பெரும்பாலும் 1095, 15என்20 போன்ற இரு எஃகுகளை அடுக்கி ஒட்டி அடித்து, அமிலத்தில் தோய்த்து எழுப்பியது. அமெரிக்காவில் கத்திக் கைவினைஞர் பில் மோரன் 1973இல் காட்சிக்கு வைத்த பிறகு அந்தக் கலை மீண்டும் தழைத்தது. செய்தவரின் பெயரும் எந்த எஃகுகள் என்ற விவரமும் இல்லாத மலிவான அலைக்கோட்டு அலகு, அழகுக்கு மட்டுமே உரியது. தந்தப் பிடிகளை வாங்குவதற்கு முன் சற்று நிதானியுங்கள். 1989இல் யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய முடிவெடுக்கப்பட்டது, பழைய பொருளாக இருந்தாலும் ஆவணமின்றி எல்லை கடந்தால் பறிமுதலாகலாம்.

பழைய கத்தி கைக்கு வந்ததும் அதைப் பளபளப்பாக்கும் ஆசை எழும். அடக்கிக்கொள்ளுங்கள். மின்சாரச் சக்கரத்தில் மெருகேற்றினால் முத்திரை தேயும், அலகின் மூல விளிம்புகள் உருளும், சேகரிப்பாளர்கள் அத்தகைய கத்தியின் மதிப்பைக் கணிசமாகக் குறைத்தே பேசுவார்கள். செந்துருவை மட்டும் எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மென்மையாக அகற்றிவிட்டு, கருமைப் படலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு பகைகளை நினைவில் வையுங்கள். முதலாவது தோலுறை: தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும், பதனிடுவதில் மிஞ்சிய அமிலங்களும் அதில் இருக்கும், ஆகவே நீண்டகாலம் வைப்பதானால் கத்தியும் உறையும் தனித்தனியே இருக்க வேண்டும். பித்தளையில் பச்சை படர்ந்திருந்தால் அது இதன் வேலையே. இரண்டாவது, பழைய செல்லுலாய்டு பிடி. சிதையத் தொடங்கிய செல்லுலாய்டு அமில வாயுவை வெளிவிடும். அதே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளின் அலகுகள் காரணமே தெரியாமல் துருப்பிடிக்கும். எளிதில் தீப்பற்றும் பொருளும் அது. அத்தகைய பிடியுள்ளவற்றைக் காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள். மற்றவற்றுக்கு வாசனையற்ற கனிம எண்ணெயின் மெல்லிய பூச்சு, அல்லது 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான நுண்படிக மெழுகு, பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஆகியவை போதும். உணவில் படும் அலகுக்கு உண்ணத்தக்க தரமுள்ள எண்ணெயையே பூசுங்கள்.

ஒவ்வொரு கத்திக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் ஒதுக்கி, மாதிரி எண், எஃகு, முத்திரையின் நெருக்கப் புகைப்படம், வாங்கிய நாள், யாரிடமிருந்து, எந்த நிலையில், என்ன விலைக்கு என்பவற்றை எழுதி, ரசீதையும் மூலப் பெட்டியையும் பாதுகாத்து வையுங்கள். பின்னால் விற்கும்போது பெட்டியும் தாளும் உள்ள கத்திக்கும் இல்லாத கத்திக்கும் விலையில் கணிசமான வேறுபாடு இருக்கும். போலிகள் மலிந்துள்ள மாதிரிகளில் வாங்குபவர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.